கப்பல் குடும்பத்து ஓலை

அத்தியாயம் 6

சுப்பராயலு அந்த ஓலையை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்ததும் கருவாட்டுக்காரி கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“மோந்து பாத்தா சேறுதான் நாறும். படிச்சிப் பாருய்யா. அதுக்குத்தானே உன்னத் தேடிக்கினு வந்தேன்.”

சேறு நாறத்தான் செய்தது. நாலு நாளைக்கு முன்னால், ஏரிக்கரைச் சேற்றில் மண்டை உடைந்து கிடந்த தருமலிங்க வாத்தியாரின் செத்த கைக்குள்ளிருந்து பிடுங்கிய ஓலை அது. அதைப் பிடுங்கின கையோடு கோவிந்தம்மாவின் தம்பி தாமோதரனையும் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக் காலை விசாரணை. விசாரணை என்பது பேச்சுக்குத்தான். முடிந்ததும் அவனைச் சென்னப்பட்டணத்துக்குத் தோணி ஏற்றுவார்கள், அங்கே கயிறு தயார்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்தாம் வருஷம், மே மாசம். பழவேற்காட்டில் ஒல்லாந்துக் கொடி இறங்க இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. ஒல்லாந்துத் துரை தம் பீங்கான் தட்டுகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். இடத்தை வாங்கிக்கொள்ள வந்த இங்கிலீஷ் துரை அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி சுப்பராயலு. பதினேழு வருஷம் ஒல்லாந்துக்காரனுக்கு நாக்கை வாடகைக்கு விட்டவர். ஒன்பது நாள் கழித்து அந்த நாக்கு யாருக்கு வேண்டும் என்று அவருக்கே தெரியாது. ஓலையில் உள்ள தமிழை நாளைக்கு வாசித்துச் சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷ் துரை அதை அவரிடம் கொடுத்திருந்தார்.

“படிக்கிறேன் கேளு. ஷிப், ஹார்ட்ஷிப், ஃபிரெண்ட்ஷிப், வொர்ஷிப், லார்ட்ஷிப், ஓனர்ஷிப்.”

“கப்பல் குடும்பம். என் தம்பிக்கும் இதே பாடம்தான் நடந்துச்சி. எழுதத் தெரியாத எனக்கு வாயாலயே மீன் குடும்பம் சொல்லிக் குடுத்தாரு. ஃபிஷ்னா மீனு. செல்ஃபிஷ்னா தன்னப் பத்தியே நெனைக்கிறவன். இன்னாத்துக்குய்யா அதுல மீன இழுக்குறாங்க? நம்ம ஏரியில மீனு கூட்டமாத்தான் போவுது.”

தருமலிங்கம் பாடம் சொல்லும் விதமே தனி. இங்கிலீஷ்காரன் வரப்போகிறான் என்று தெரிந்ததும் ஊர் ஊராகப் போய் ஆரம்பித்தார். ஒரே எழுத்துக்கூட்டம் உள்ளே இருக்கிற வார்த்தைகளை ஒரு குடும்பமாகக் கட்டி ஓலையில் கீறிக் கொடுப்பார். காகிதம் மீன்கூடையில் கரைந்துவிடும், ஓலை பிழைத்துக்கொள்ளும் என்பார். இங்கிலீஷ் வார்த்தை மட்டும்தான் அவர் கையெழுத்து. அர்த்தத்தை வாயால் விளக்கிவிட்டு, “இப்ப உன் பொழைப்புல இது எதுன்னு நீயே எழுது” என்று எழுத்தாணியை மாணவனிடம் நீட்டுவார். கப்பல் குடும்ப ஓலை கையில் கிடைத்ததும் கோவிந்தம்மாவின் மீனவர் ஊரான தோணிரேவில் அந்தப் பாடம் படித்தவன் யார் என்று சேவகர்கள் கேட்டார்கள், தாமோதரன் என்று பதில் வந்தது. அவ்வளவுதான் அவர்கள் துப்பு துலக்கிய லட்சணம்!

“உன் தம்பி ஓலை எங்கே?”

“அவன இழுத்துக்கினு போறப்ப சேவகன் கால்ல மிதிபட்டு ஏரியோட போச்சி. அர்த்தத்தப் படிய்யா.”

சுப்பராயலு படித்தார். ஷிப், கப்பல். ஹார்ட்ஷிப், மழை ஏமாற்றுவது. ஃபிரெண்ட்ஷிப், ஏர்மாட்டைக் கைமாற்றாகக் கொடுப்பது. வொர்ஷிப், கும்பிடுவது. லார்ட்ஷிப், மடை திறக்கிறவர். ஓனர்ஷிப், வரப்பு.

கோவிந்தம்மா ஓலையை எட்டிப் பார்த்தாள்.

“ஏர்மாடா? எங்க வூட்ல மாட்டக் கண்டாலே என் தம்பி மரத்துல ஏறிக்குவான்யா! மழ ஏமாத்துனா எங்களுக்கு இன்னா? முகத்துவாரம் மணல் மூடிக்கினு ஏரிக்குள்ள கடல் தண்ணி வராம போனாத்தான் எங்க வயிறு காயும்.”

“அதேதான். இது ஏர் பிடிக்கிறவன் எழுதினது. சரி, ஓனர்ஷிப்புக்கு உன் தம்பி என்ன எழுதினான்?”

“ஒண்ணும் எழுதல. அந்த எடம் காலி. அதுக்குத்தான் வாத்தியாரும் அவனும் கத்திக்கினாங்க, ஊரே கேட்டுச்சி.”

அந்தக் கத்தலைத்தான் சாட்சிக்காரர்கள் கொலைக்குக் காரணம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். விஷயம் இதுதான். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். பாடு எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். இன்றைக்கு ஒருத்தன் கட்டினால் நாளைக்கு அடுத்தவன். “இல்லாத ஒண்ணுக்கு எங்கேர்ந்துய்யா அர்த்தம் எழுதறது?” என்று தாமோதரன் கத்தியிருக்கிறான். “எழுதித்தான் ஆவணும், புதுசா வர்றவன் இந்த ஒரு வார்த்தையத்தான் கேப்பான்” என்று வாத்தியார் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். ஏரி இந்த ஊர்களுக்கே சொந்தம் என்று இங்கிலீஷில் அவர் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியார் செத்த அன்றிலிருந்து மனுவையும் காணவில்லை.

“கோவிந்தம்மா, ஓலை கொன்னவனோடது. மனுவும் அவன்கிட்டத்தான் போயிருக்கு. ஏர் பிடிக்கிற எந்த ஊருக்கு வாத்தியார் பாடம் சொல்லப் போவார்?”

“எளாவூருக்கு இந்தப் பக்கம், நெல்லு போடற ஊரு. மணியக்காரர் சம்பந்தம் வூட்டுல பாடம் நடக்கும். நான் கருவாடு விக்கிற ஊருதான்.”

“கூடையை எடு.”

“காலி கூடைய எடுத்துக்கினு போனா சந்தேகப்படுவாங்க. இரு, நாலு வாளக் கருவாடு போட்டுக்கறேன். துப்பும் ஆவும், வித்தா சோறும் ஆவும்.”

* * *

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். மணியக்காரர் சம்பந்தம் நல்ல மனுஷர் மாதிரியே இருந்தார். சுப்பராயலுவுக்கு மோர் கொடுத்தார். வெளியே நின்ற கோவிந்தம்மாவுக்கும் கொடுக்கச் சொன்னார். வாத்தியார் பேச்சு வந்ததும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டு நனையவில்லை என்பதைச் சுப்பராயலு கவனித்தார்.

“புது துரைக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச பெரிய மனுஷங்க வேணுமாம். நீங்களும் கப்பல் குடும்பம் படிச்சீங்களா?” என்றார் சுப்பராயலு.

“ஓ, இந்தத் தாழ்வாரத்துலதான். நானும் படிச்சேன், என் குடியானவங்களும் படிச்சாங்க.”

“லார்ட்ஷிப்னா?”

“சென்னப்பட்டணத்துக் கவர்னர் துரை!” யோசிக்காமல் வந்தது பதில். சொல்லும்போதே கை தானாகக் கும்பிடப் போனது.

தெரு திரும்பியதும் கோவிந்தம்மா குதித்தாள். “இவன்தான்யா! ஊர்த் தாங்கலுக்கு மடை தொறக்கிற பாத்தியம் இவனுக்குத்தான். மடை தொறக்கிறவர்னு ஓலையிலயே கீது. பாவி, கண்ணீர் வராமயே அழுவுறான்!”

“இவன் எழுதலை.”

“மோர் குடிச்சதும் மனசு எளகிப்போச்சா?”

“யோசிச்சுப் பாரு. லார்ட்ஷிப்னு கேட்டா அவனவன் தனக்கு மேல இருக்கிறவனைத்தான் நினைப்பான். இவனுக்கு மேல கவர்னர். மடை திறக்கிறவர்னு எழுதினவன் மடைக்குக் கீழே நிக்கிறவன், தண்ணிக்குக் கையேந்துறவன்.”

கோவிந்தம்மா கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பாசனக் குளமான அந்தத் தாங்கலில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. மடையடியில் மண்வெட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தார்கள். சொர்ணவாரிப் பட்டத்து நெல் நாற்று கருகிக்கொண்டிருந்தது. வயல் எல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“கையேந்தறவன்னா இந்த ஊரே ஏந்துதே. எவனப் புடிப்ப?”

சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றாள். “துபாசி ஐயா, அத்தப் பாரு.”

கடைமடையில், எல்லோருக்கும் கடைசியாகத் தண்ணீர் எட்ட வேண்டிய இடத்தில், ஒரே ஒரு கழனி மட்டும் தண்ணீர் நின்று பளபளத்தது.

“எல்லாரும் காத்துக்கினு கீறாங்க. ஒருத்தன் மட்டும் காத்துக்கினு இல்ல. முறை தப்பித் தண்ணி பாஞ்சா அதுக்குக் காரணம் இருக்கும்யா. எங்க ஊர்ல முறை தப்பி ஒருத்தன் வலை கட்டுனா பஞ்சாயத்துல வெச்சித் தோல உரிச்சிடுவாங்க.”

சுப்பராயலுவுக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பதினேழு வருஷம் நாலு பாஷையைக் கட்டி மேய்த்தவருக்கு அது கண்ணில் படவில்லை.

* * *

அந்தக் கழனிக்காரன் பெயர் திருவேங்கடம். முப்பது வயசு இருக்கும். கழனியை ஒட்டிய வீட்டு வாசலில் அவன் பெண்சாதி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா அவளிடம் கருவாட்டைக் காட்டிப் பேச்சுக் கொடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

சுப்பராயலு ஓலையை எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

திருவேங்கடம் அதை வாங்கக்கூட இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அடிக்கணும்னு போவலீங்க. மனுவ மட்டும் வாங்கியா, மடை தொறக்கிறேன்னாரு மணியக்காரரு. நாத்து கருவுதுங்க. பாடத்துல சந்தேகம்னு ஓலையக் காட்டிக்கினே கிட்டப் போயி மனுவப் புடுங்கினேன். அவரு விடல. தள்ளினேன். படவு கட்டற முளையில மண்ட பட்டுடுச்சி.”

“மனு?”

“மணியக்காரரு அன்னிக்கே அடுப்புல போட்டுட்டாரு.” அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். “எனக்குப் பேரெழுதவே அவருதாங்க சொல்லிக் குடுத்தாரு. நாலு நாளா தண்ணி நின்ன கழனியப் பாக்கவே புடிக்கல.”

“உனக்காக வேற ஒருத்தன் தூக்குல தொங்கப் போறான்.”

“வர்றேங்க. வந்து சொல்லிடறேன்.”

* * *

வந்தான். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை துரையின் தாழ்வாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாகச் சம்பந்தமும் வந்து நின்றார். முதல் வரிசையில் நின்றார். திருவேங்கடத்தைப் பார்த்து, “உன் வூட்டுக் கழனிய நான் பாத்துக்கறேம்பா, தைரியமா சொல்லு” என்று ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

அவ்வளவுதான், திருவேங்கடம் பின்வாங்கிவிட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது, துபாஷி மிரட்டிக் கூட்டி வந்தார் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். சுப்பராயலு அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைப் பற்றித் தானே குற்றம் சாட்டி மொழிபெயர்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! கை விலங்கோடு நின்ற தாமோதரன் அக்காவைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

மிச்சம் இருந்தது ஓலை மட்டும். சுப்பராயலு ஒவ்வொரு வார்த்தையாக விளக்கினார். மழை, ஏர்மாடு, மடை. துரை தலையைக்கூட அசைக்கவில்லை, கொட்டாவி விட்டார். மீன் பிடிக்கிறவனுக்கு மாட்டைப் பற்றித் தெரிந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

“அப்படியானால் கடைசி வார்த்தை” என்றார் சுப்பராயலு. திருவேங்கடம் பக்கம் சட்டென்று திரும்பி, வாத்தியாரின் குரலில், வாத்தியார் கேட்கிற மாதிரியே கேட்டார். “ஓனர்ஷிப், உன் பொழைப்புல எது?”

“வரப்பு” என்று வந்துவிட்டது திருவேங்கடத்தின் வாயிலிருந்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஓலையில் இருப்பதும் அதுவேதான் என்று சுப்பராயலு துரைக்குக் காட்டினார்.

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். “மீனவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?”

சுப்பராயலு கோவிந்தம்மாவை முன்னால் கூப்பிட்டார். இந்த ஒரு பதிலில் தம்பியின் கழுத்து இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“அப்பிடி ஒண்ணு எங்ககிட்ட கெடையாது தொரை” என்றாள் அவள், குரல் தாழ்வாரம் பூராவும் கேட்க. “தண்ணியில எங்க வரப்பு போடறது? ஏரி எவனுக்கும் சொந்தமில்ல. முறைதான் எங்களுக்கு. என் தம்பி வரப்புன்னு சாவறவரைக்கும் எழுத மாட்டான்.”

துரை பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

“ஏரியில் யாருக்கும் ஓனர்ஷிப் இல்லையா?” என்று துரை இரண்டாம் முறை கேட்டார்.

“யாருக்கும் இல்ல.”

எழுத்தர் அதையும் எழுதினார். துரை மூன்றாம் முறை கேட்டார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பேனா கூடவே வருவதற்கு இடம் விட்டு. “தோணிரேவில், மற்ற ஊர்களில், எப்போதும் எவருக்கும் இருந்ததில்லையா?”

அப்போதுதான் சுப்பராயலுவுக்கு உறைத்தது. இந்தக் கேள்வி கொலையைப் பற்றியதே இல்லை. தருமலிங்கம் அந்த வார்த்தையை மாணவன் வாயில் திணிக்கப் பார்த்து ஏன் தொண்டை கிழியக் கத்தினார் என்று இப்போது விளங்கியது. கோவிந்தம்மாவுக்கு இதை எப்படித் திருப்பிச் சொல்வது? சொந்தம் இருக்கிறது, எல்லா ஊருக்கும் சேர்த்து இருக்கிறது என்று சொல்லவைக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே சாட்சி கெடும், தாமோதரன் தோணி ஏறுவான். கேள்வியைக் கொஞ்சம் வளைத்துச் சொல்ல அவருக்குத் தெரியாததா? பதினேழு வருஷம் அதைத்தானே செய்தார். கோவிந்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேள்வியை உள்ளபடி கேட்டார்.

“எங்க நைனா காலத்துல இல்ல, அவரு நைனா காலத்துலயும் இல்ல!” என்றாள் கோவிந்தம்மா. ஜெயித்துவிட்ட தெம்பு அவள் குரலில் இருந்தது.

தாமோதரனின் விலங்கை அவிழ்த்தார்கள், அதைத் திருவேங்கடத்துக்குப் பூட்டினார்கள். யார் அனுப்பினார்கள் என்று துரை கேட்டதற்கு, “யாரும் இல்லீங்க” என்றான் அவன். பெண்சாதியும் பிள்ளையும் அந்த ஊரில் குடியிருக்க வேண்டுமே. எழுத்தர் காகிதத்தை நீட்ட, கோவிந்தம்மா சந்தோஷமாகக் கைநாட்டுக் கீறினாள். தம்பியின் மணிக்கட்டை ஊதி ஊதித் தேய்த்துவிட்டாள்.

கூட்டம் கலையும்போது சம்பந்தம் கைகட்டித் துரைக்கு முன்னால் போய் நின்றார். “துபாஷி, நான் சொல்றத அப்படியே சொல்லணும். யாருக்கும் சொந்தமில்லாத ஏரிய சர்க்கார் ஏன் சும்மா போட்டு வைக்கணும்? குத்தகைக்கு விட்டா எடுத்து நடத்த நான் இருக்கேன்.”

சுப்பராயலு அப்படியே சொன்னார். துரை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். கொடி ஏறின மறுநாள் வந்து பார்க்கும்படி சொன்னார்.

* * *

இடிந்த கோட்டைச் சுவர் வரைக்கும் கோவிந்தம்மாவின் காலிக் கூடையைச் சுப்பராயலுதான் தூக்கிக்கொண்டு வந்தார். தாமோதரன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஏரியில் யாரோ முறைக்காரன் வலை கட்டிக்கொண்டிருந்ததை நின்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தான்.

“அந்த மணியக்காரன் கடைசியா இன்னா கேட்டான்?” என்றாள்.

சுப்பராயலு சொன்னார். ஏரி எந்தக் காலத்திலும் யாருக்கும் சொந்தமில்லை என்று அவள் கைநாட்டு வைத்த காகிதத்தில் எழுதியிருந்ததையும் சொன்னார்.

அவள் நடப்பதை நிறுத்தினாள். “உனுக்கு எப்பத் தெரிஞ்சிது?”

“மூணாம் தடவை கேட்டப்போ.”

“தெரிஞ்சிக்கினேதான் என்னக் கேட்டியா?”

“மாத்திக் கேட்டிருந்தா உன் தம்பி இந்நேரம் தோணியில இருப்பான்.”

அவள் அவரை அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. தோணிரேவுப் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அறுபது வீட்டுக்காரர்கள் தாமோதரன் வரவுக்காகக் கரையில் கூடியிருப்பார்கள்.

“நான் வந்து ஊர்க்காரங்களுக்கு எடுத்துச் சொல்றேன், கோவிந்தம்மா. என் தப்பும் இருக்கு.”

“நீ வராத. சொன்னது என் வாயி, கீறினது என் கையி. நானே சொல்லிக்கிறேன்.”

காலிக் கூடையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தம்பியை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.